முதலும் வழியும்: கசாந்தரின் சுவரொட்டிக் கலை

நூல் மூவகைப்படும் என்பர் இலக்கண ஆசிரியர். அவை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்பன. முன்னோர் கண்ட முடிவோடு ஒத்து நின்று, பின்னோர் தாம் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்து இயற்றுவதே வழிநூல் என நன்னூலார் இலக்கணம் வகுத்தார். முன்னோரிடமிருந்து பெறுதல் இழுக்கன்று. பெற்றதை அப்படியே திருப்பித் தருதலே இழுக்கு என்னும் தெளிவு இவ்விலக்கணத்துள் அடங்கியுள்ளது.

இந்த அளவுகோல் நூலுக்கு மட்டும் உரியதன்று. ஓவியம், சிற்பம், கட்டடம், அச்சு முதலான எல்லாக் கலைகளுக்கும் பொருந்துவதாகும். ஓவியம் பயில்வோரும் விளம்பரக் கலைஞரும் ஊக்கம் வேண்டி அடிக்கடி நாடிச் செல்லும் பழைய ஊற்று ஒன்று உண்டு. 1920களிலும் 1930களிலும் ஐரோப்பாவில் தழைத்த ‘ஆர்ட் டெக்கோ’ என்னும் அணிக்கலைப் பாணியே அது. கூர்மையான கோணங்கள், விசிறிபோல் விரியும் கதிர்கள், படிப்படியாக ஏறும் வடிவங்கள், கருமையும் பொன்னிறமும் சேர்ந்த பளபளப்பு ஆகியவை அதன் புற அடையாளங்கள். இவற்றை எடுத்தாள்வோர் பலர். இவற்றின் உட்பொருளை அறிந்து எடுப்போர் சிலரே. இவ்விரு சாராருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை, அக்காலத்தின் தலைசிறந்த சுவரொட்டிக் கலைஞர்களுள் ஒருவரான கசாந்தரின் படைப்புகளைக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

நகலைத் தடுத்த கண்காட்சி

1925ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில், நவீன அணிக்கலைகளுக்கும் தொழிற்கலைகளுக்குமான அனைத்துலகக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. நாற்காலி முதல் நகை வரை, துணி முதல் கண்ணாடி வரை, அன்றாட வாழ்வில் பயன்படும் பொருள்கள் பலவும் அங்கே கலைப்பொருள்களாக அணிவகுத்து நின்றன. அக்கண்காட்சியின் விதிகளுள் ஒன்று கருதத்தக்கது. புதிய ஊக்கமும் உண்மையான தனித்தன்மையும் உடைய படைப்புகளே ஏற்கப்படும். பழைய பாணிகளின் நகலும் போலியும் ஏற்கப்படமாட்டா என்பதே அவ்விதி.

இக்கண்காட்சியின் பெயரிலிருந்து பிறந்ததே ‘ஆர்ட் டெக்கோ’ என்னும் சுருக்கப் பெயர். ஆயினும், அக்காலக் கலைஞர் தம்மை அப்பெயரால் அழைத்துக் கொள்ளவில்லை. 1966இல் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்று அக்காலப் படைப்புகளைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தது. 1968இல் பெவிஸ் ஹில்லியர் என்னும் ஆங்கில ஆய்வாளர் எழுதிய நூலே அப்பெயரை உலகெங்கும் பரப்பி நிலைநிறுத்தியது. ஆகவே, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தோர் முன்னோர்க்கு இட்ட பெயர் இது.

இங்கே ஒரு முரண் தோன்றுகின்றது. பழைய பாணிகளை நகலெடுத்தல் கூடாது என்று விதி வகுத்துப் பிறந்த ஒரு கலை, இன்று தானே பழைய பாணியாகி நகலெடுக்கப்படுகின்றது. அதன் கதிர்களையும் கோணங்களையும் அப்படியே பெயர்த்து ஒட்டுபவர் அக்கலையைப் போற்றுபவர் போலத் தோன்றுவர். ஆனால், அதன் முதல் விதியையே மீறுபவர் அவர். அப்படியாயின் அக்கலையிலிருந்து பெறத்தக்கது யாது? அதனை உருவாக்கியவர்கள் தம் முன்னோரிடமிருந்து எவ்வாறு பெற்றனர் என்பதை அறிந்தால் இவ்வினாவுக்கு விடை கிட்டும்.

கடன் பெற்ற முறை

அக்காலக் கலைஞர் எவரும் வெறுங்கையோடு தொடங்கியவர் அல்லர். பால் புவாரே என்னும் ஆடை வல்லுநருக்காக 1908இல் பால் இரீபும் 1911இல் ஜார்ஜ் லெபாப்பும் வரைந்த ஓவியத் தொகுதிகளே, அப்பாணியின் நூலோவியங்களுக்கு வழிகாட்டின. 1912 முதல் 1925 வரை வெளிவந்த ஆடையணி இதழ் ஒன்று, ஜார்ஜ் பார்பியே போன்றோரின் ஓவியங்களை உயர்ந்த தாளில் வெளியிட்டது. மெல்லிய தகட்டில் வடிவத்தை வெட்டி, அதன் வழியே வண்ணத்தைக் கையால் தீற்றும் முறையில் அவை அச்சாயின. அம்முறையில் நிழலும் குழைவும் எளிதில் அமையா. ஒவ்வொரு வண்ணமும் தனித்தனிப் பரப்பாகவே விழும். எனவே, தெளிவான எல்லைக்கோடும் தட்டையான வண்ணமும் அவ்வோவியங்களின் இயல்பாயின. கருவியின் வரம்பே கலையின் அழகாயிற்று.

யப்பானிய மரக்கட்டை அச்சோவியங்கள், கிரேக்க மண்கலங்களில் தீட்டிய உருவங்கள், 1909 முதல் பாரிசைக் கவர்ந்த உருசிய நடனக் குழுவின் வண்ண மேடைகள், பொருளைத் தளங்களாகப் பிரித்துக் காட்டிய கியூபிச ஓவியம் எனப் பல ஊற்றுகளிலிருந்து அவர்கள் பெற்றனர். 1922இல் எகிப்தில் தூத்தன்காமன் மன்னனின் கல்லறை கண்டெடுக்கப்பட்டபின், எகிப்திய வடிவங்களும் பெருகின.

பெற்றவை எல்லாம் ஒரே தரத்தின ஆகா. எகிப்தின் தாமரையையும் வண்டையும் நகைப்பெட்டியிலும் திரையரங்கச் சுவரிலும் வெறுமனே பதித்தவர்கள் அக்காலத்திலும் இருந்தனர். அவை வேடப் பொருள்களாக நின்றுவிட்டன. யப்பானிய ஓவியத்தில் வெற்றிடமும் பேசும் என்பதையும், கியூபிசத்தில் ஒரு பொருளை அதன் அடிப்படை வடிவங்களாகச் சுருக்க முடியும் என்பதையும் கற்றவர்களே நிலைத்தனர். முன்னவர் எடுத்தது உருவம். பின்னவர் எடுத்தது நெறி. பின்னவருள் முதல்வரிசையில் வைக்கத்தக்கவர் கசாந்தர்.

தந்தி அனுப்புபவன்

அடால்ஃப் மூரோன் என்னும் இயற்பெயருடைய கசாந்தர், 1901இல் அந்நாளைய உருசியப் பேரரசைச் சேர்ந்த கார்க்கிவ் நகரில் பிறந்தவர். இளமையிலேயே பாரிசுக்கு வந்து ஓவியம் பயின்றார். தூய ஓவியத்தில் பின்னர் ஈடுபடலாம் என்று எண்ணித் தம் சொந்தப் பெயரை அதற்காக ஒதுக்கி வைத்து, சுவரொட்டிகளுக்குக் ‘கசாந்தர்’ என்னும் புனைபெயரைச் சூட்டிக் கொண்டார். காலம் அந்தப் புனைபெயரையே நிலைக்கச் செய்தது. 1923இல் ஓர் அறைகலன் கடைக்காக, மரத்தை வீழ்த்தும் மரவெட்டியின் உருவத்தை விரியும் கதிர்களின் நடுவே அவர் தீட்டிய பெரிய சுவரொட்டி, 1925ஆம் ஆண்டுக் கண்காட்சியில் முதன்மைப் பரிசை அவருக்குப் பெற்றுத் தந்தது.

சுவரொட்டியைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. சுவரொட்டி வரைபவன் தந்தி அலுவலகத்தில் பணியாற்றுபவனைப் போன்றவன் என்றார் அவர். செய்தியைப் படைப்பது அவன் வேலையன்று. வந்த செய்தியைத் தெளிவாகவும் விரைவாகவும் உரியவரிடம் சேர்ப்பதே அவன் வேலை. இக்கருத்தில் அடக்கமும் உண்டு, கடுமையும் உண்டு. தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை உண்டாதலின் வீண்சொல்லுக்கு இடமில்லை. அவ்வாறே சுவரொட்டியில் வீண்கோட்டுக்கும் இடமில்லை. மகிழுந்தும் தொடர்வண்டியும் விரையும் நகரத்தில், நின்று பார்க்க நேரமில்லாதவன் கண்ணிலும் அது தைக்க வேண்டும். அப்பாணியின் கூர்ங்கோணங்கள் அழகுக்காக மட்டும் பிறந்தவை அல்ல. விரையும் கண்ணைப் பிடித்து நிறுத்தவும் பிறந்தவை என்பதை இதனால் உணரலாம்.

மூன்று சுவரொட்டிகள்

கருத்தைக் கலையாக்கிய திறத்தை மூன்று படைப்புகளில் காணலாம்.

முதலாவது, 1927இல் பிரெஞ்சு வடபகுதி இருப்புப்பாதைக் குழுமத்திற்காக அவர் வரைந்த ‘வடமீன்’ என்னும் பொருளுடைய சுவரொட்டி. பாரிசிலிருந்து பிரசல்ஸ் வழியாக ஆம்ஸ்டர்டாம் செல்லும் சொகுசு வண்டியின் பெயர் அது. வண்டியை விளம்பரம் செய்யும் அவ்வோவியத்தில் வண்டியே இல்லை! இருப்புப் பாதைகள் பலவாய்ப் பிரிந்தும் பின்னியும் நீண்டு சென்று அடிவானில் குவிகின்றன, அங்கே ஒரு விண்மீன் ஒளிர்கின்றது, அவ்வளவே. வண்டியைக் காட்டியிருந்தால் பார்ப்பவன் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவன் ஆகியிருப்பான். வண்டியைக் காட்டாமையால் அவனே பயணி ஆகின்றான். பாதை அவன் காலடியிலிருந்தே தொடங்குகின்றது. சொல்லாமல் சொல்லுதலை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் போற்றிய மரபினர்க்கு இவ்வுத்தியின் சுவை எளிதில் விளங்கும்.

இரண்டாவது, 1932இல் ஒரு மதுவகைக்காக வரைந்த மூன்று கட்ட ஓவியம். மேசையருகே அமர்ந்த ஒருவன் முதற் கட்டத்தில் கிண்ணத்தைப் பார்க்கின்றான். இரண்டாம் கட்டத்தில் பருகுகின்றான். மூன்றாம் கட்டத்தில் மீண்டும் ஊற்றிக் கொள்கின்றான். வெறுங்கோடாக இருந்த அவன் உடல் கட்டந்தோறும் வண்ணத்தால் நிறைகின்றது. கீழே ‘துபோ’, ‘துபோன்’, ‘துபோனே’ எனப் பெயரும் எழுத்தெழுத்தாக நிறைகின்றது. பிரெஞ்சு மொழியில் முதற்சொல் அழகையும் அடுத்த சொல் நன்மையையும் குறிக்கும் ஒலியுடையவை. மூன்றாவது மதுவின் பெயர். சிலேடை நயம் அறிந்த தமிழாசிரியர் எவரும் இதனை வியவாமல் இருத்தல் அரிது. படமும் சொல்லும் இங்கே இரண்டல்ல. ஒன்றைப் பிரித்தால் மற்றொன்று வீழும்.

மூன்றாவது, 1935இல் வரைந்த ‘நார்மண்டி’ என்னும் பயணிகள் கப்பலின் சுவரொட்டி. ஏறத்தாழ 313 மீட்டர் நீளமுடைய பெருங்கப்பல் அது. பக்கவாட்டில் நிறுத்தி நீளத்தைக் காட்டுவதே எவர்க்கும் தோன்றும் வழி. கசாந்தர் நீளத்தை முற்றிலும் மறைத்தார். நீர்மட்டத்திலிருந்து அண்ணாந்து நோக்கும் கண்ணுக்குத் தெரிவது போல, கப்பலின் முகப்பை மட்டும் கோபுரமாக நிமிர்த்தினார். அடியில் சின்னஞ்சிறு பறவைகள் சிலவற்றைப் பறக்கவிட்டார். அப்பறவைகளின் சிறுமையே கப்பலின் பெருமைக்கு அளவுகோல் ஆயிற்று. பறவைகளை நீக்கிப் பார்த்தால் கப்பல் சிறுத்துவிடும். ஓவியத்தில் தேவையற்ற கோடு ஒன்றும் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், போர்ப்படையினரை ஏற்றிச் செல்லும் கப்பலாக மாற்றப்பட்டுக் கொண்டிருந்தபோது, நியூயார்க் துறையில் ‘நார்மண்டி’ தீப்பற்றிக் கவிழ்ந்தது. இரும்பு அழிந்தது, தாள் நிலைத்தது.

எழுத்தின் உயிர்

கசாந்தர் எழுத்தை ஓவியத்தின் ஓரத்தில் ஒட்டும் பொருளாகக் கருதவில்லை. சுவரொட்டியின் நடுநாயகம் எழுத்தே என்பது அவர் கொள்கை. அச்செழுத்துகளையும் அவர் வடிவமைத்தார். 1929இல் வெளிவந்த ‘பிஃபுர்’ என்னும் எழுத்துவகையில் ஒரு துணிவான முயற்சியைச் செய்தார். ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தினின்று பிரித்துக் காட்டும் உறுப்பு எதுவோ அதனை மட்டும் தடித்த கோட்டால் அமைத்து, எஞ்சியவற்றை மெல்லிய கோடுகளின் நிழலாக ஆக்கினார்.

தமிழ் கற்பிப்போர்க்கு இம்முயற்சி மிகவும் நெருக்கமானது. தமிழெழுத்தில் எதனை நீக்கலாம், எதனை நீக்கலாகாது? ‘க’கரத்தின் மேலுள்ள புள்ளியை அழகுக்காக நீக்கினால் மெய் உயிர்மெய்யாகிப் பொருள் மாறும். ‘ண’கரத்தின் சுழியில் ஒன்றைக் குறைத்தால் ‘ன’கரம் ஆகும். ரகரத்தின் அடியைச் சற்றே நறுக்கினால் அது நெட்டெழுத்தின் காலாகிவிடும். அழைப்பிதழ்களிலும் மலர் அட்டைகளிலும் தமிழெழுத்தை வளைத்தும் உடைத்தும் புதுமை செய்வோர், முதலில் இவ்வேறுபாடுகளை அறிந்திருத்தல் வேண்டும். கசாந்தரைப் போல் எழுதுவதென்பது தமிழெழுத்துக்கு இலத்தீன் எழுத்தின் சாயலைப் பூசுவதன்று. தமிழெழுத்தின் உயிர்நிலை எது என்று அவரைப் போல் வினவுவதாகும்.

குறையும் கூறத்தக்கது

திறனாய்வு புகழுரையோடு முடிதல் கூடாது. ‘பிஃபுர்’ எழுத்து தனிச்சொல்லில் மின்னியதே அன்றி, தொடர்ந்து படிக்கத் தக்கதாக அமையவில்லை. விரையும் கண்ணுக்காகப் பிறந்த நெறியை ஊன்றிப் படிக்கும் கண்ணுக்கும் பொருத்த முயன்றால் அது தோல்வியுறும் என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு. ஒவ்வொரு நெறிக்கும் அதற்குரிய களம் உண்டு.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அவருடைய புகழ்பெற்ற படைப்புகள் பலவற்றில் மனிதன் இல்லை; இருந்தாலும் பொம்மையாகவே இருக்கின்றான். மது அருந்துபவன் கலம்போல் நிரப்பப்படுகின்றான். ‘நார்மண்டி’ கப்பல் உலகப் பொருளாதாரச் சரிவின் நடுவே, அரசின் கடனுதவியோடு கட்டி முடிக்கப்பட்டது. அதனைக் கட்டிய தொழிலாளியின் கையோ, வேலையிழந்து கரையில் நின்றவனின் முகமோ அந்த ஓவியத்தில் இல்லை. செய்தியை அனுப்புபவன் செய்திக்குப் பொறுப்பாளி அல்லன் என்று தந்தி உவமை சொல்லுமாயின், அவ்வுவமை கலைஞனுக்கு ஓரளவே பொருந்தும். எதனை அழகுபடுத்துகிறோம் என்று வினவாத அழகு, விற்பவன் கையில் விளக்காகவும் ஆகலாம், வலையாகவும் ஆகலாம்.

கசாந்தரும் பிற்காலத்தில் சுவரொட்டியை விட்டு ஓவியத்திலும் நாடக மேடை அமைப்பிலும் ஈடுபட்டார். 1936இல் நியூயார்க் நவீனக்கலை அருங்காட்சியகம் அவருடைய சுவரொட்டிகளைக் காட்சிக்கு வைத்துப் பெருமை செய்திருந்தும், அவருடைய இறுதிக் காலம் தனிமையும் துயரும் நிறைந்ததாயிற்று. 1968இல் பாரிசில் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். ‘ஆர்ட் டெக்கோ’ என்னும் பெயர் நூலேறிப் புகழ்பெற்ற அதே ஆண்டில், அப்புகழுக்கு உரியவருள் ஒருவர் மறைந்தார். நடையைக் கொண்டாடும் உலகம், நடந்தவனை மறந்துவிடுவதும் உண்டு.

சாயலும் சாரமும்

பெயர் பரவியபின் சாயல் பெருகியது. 1973இல் இலண்டனில், 1930களில் கட்டப்பட்ட ஒரு பெருங்கட்டடத்தில் ‘பீபா’ என்னும் கடை அப்பாணியின் கோலத்தோடு திறக்கப்பட்டது; பழைய திரைப்பட உலகிற்குள் நுழைந்த உணர்வைத் தந்தது; 1975இல் மூடப்பட்டது. அதன் பின்னும் உணவகப் பட்டியல்களிலும் நூலட்டைகளிலும் விசிறிக் கதிர்களும் பொற்கோடுகளும் ஓயாமல் வருகின்றன. விரையும் கண்ணைப் பிடிக்கப் பிறந்த கோணம், அமர்ந்து உண்பவன் கையிலுள்ள பட்டியலில் என்ன வேலை செய்கின்றது? காரணம் கழன்ற கோடு வெறும் பூச்சே ஆகும்.

சாரத்தை எடுத்தவர்க்கும் சான்று உண்டு. அது தொலைவில் இல்லை. சிங்கப்பூரின் தியோங் பாரு வட்டாரத்தில், 1936 முதல் 1941 வரை நகர மேம்பாட்டுக் கழகம் எழுப்பிய குடியிருப்புகளைக் காண்போர், வளைந்த மூலைகளையும் நீண்ட கிடைக்கோடுகளையும் கண்டு கப்பலையும் விமானத்தையும் நினைவு கூர்வர். ‘விமான வீடுகள்’ என்றே அவற்றைச் சீன மக்கள் அழைத்ததுண்டு. ஆனால், அவற்றை வரைந்தோர் மேலை வடிவத்தை அப்படியே இறக்கி வைக்கவில்லை. கடைவீடுகளின் மரபான ஐந்தடி நடைபாதையை, மக்கள் ‘அஞ்சடி’ என்று வழங்குவதை, அக்கட்டடங்களின் கீழ்த்தளத்தில் இணைத்தனர். காற்றோட்டத்திற்கு முற்றமும், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க நடைபாதையும் இம்மண் கேட்பவை. வடிவம் மேலைநாட்டினது, வாழ்வு இம்மண்ணினது. முன்னோன் முடிவோடு ஒத்தும், பின்னோன் வேண்டும் வேறுபாட்டைச் சேர்த்தும் அமைந்த வழிநூல் என்று இதனைக் கூறலாம். கோலாலம்பூரில் 1937இல் அப்பாணியில் எழுந்த மத்தியச் சந்தைக் கட்டடம், 1980களில் இடிபடாமல் காக்கப்பட்டுக் கலைச் சந்தையாக மாறியதும் இங்கு நினைக்கத்தக்கது. பழமையைக் காத்தல் என்பது அதற்குப் புதிய வேலை தருவதுமாகும்.

கற்போர் கடன்

பள்ளி விழாவுக்கு அழைப்பிதழ் வரையும் மாணவனும், ஆண்டுமலருக்கு அட்டை அமைக்கும் மாணவியும் பழைய படங்களைப் பார்த்தல் நன்று. பார்க்காமல் படைத்தல் அரிது. ஆயின், படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கோட்டை இழுப்பதற்கு முன், மூன்று வினாக்களை எழுப்பிக் கொள்ளல் வேண்டும். முன்னோன் இக்கோட்டை ஏன் இட்டான்? இதனை நீக்கினால் எது கெடும்? தன் கருப்பொருளுக்கும் தன்னைச் சூழ்ந்த மக்களுக்கும் இது என்ன வேலை செய்யும்? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் இடும் கோடு முன்னோன் கோட்டைப் போல் இராது. இருக்க வேண்டியதும் இல்லை. கட்டுரைப் பயிற்சியிலும் ஆசிரியர் இதனையே வற்புறுத்துகின்றனர். சான்றோர் உரைநடையைப் படித்த மாணவன் அவர் சொற்றொடரைத் திருப்பி எழுதினால் மதிப்பெண் கிட்டலாம். அவர் சிந்தித்த முறையைக் கற்றுத் தன் ஊரைப் பற்றி எழுதினால் மொழி வளரும்.

‘வடமீன்’ ஓவியத்தில் கசாந்தர் வண்டியைக் காட்டவில்லை. பாதையையும் விண்மீனையும் மட்டுமே காட்டினார். பழங்கலையும் கற்போர்க்கு அவ்வாறே நிற்றல் வேண்டும். ஏறி அமர்ந்து செல்லும் வண்டியாக அதனைக் கருதுவோர், அது சென்று நின்ற இடத்திலேயே இறங்குவர். பாதையாகக் கொள்வோர் தம் காலால் நடந்து அப்பாலும் செல்வர்.